பட்டனை அழுத்துவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த நண்பர்கள் செயலி எழுதுகிறார்கள். நாங்கள் லேபில் ஒரு சிப்போடு இணைத்த பட்டனை அழுத்தி எண்ணை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஒருமுறை அழுத்தினால் 3, 4 என்று ஏறியது. சீனியர் சொன்னபடி இன்டரப்டுக்குள் (மற்ற வேலையை நிறுத்திவிட்டு சிப் உடனே ஓட்டும் பகுதி) 200 மில்லிசெகண்ட் டிலே போட்டு, அவருடைய ரெக்கார்டைப் பார்த்தே எழுதி முடித்துவிட்டோம். இந்த விளையாட்டுச் சாமானால் என்ன பயன்? துறை மாறலாமா? எந்த மொழி கற்கலாம், எந்த லேப்டாப் வாங்கலாம்? மற்றவர்களுக்குப் புரிவது எனக்கு மட்டும் புரியவில்லையோ என்று பயமாகவும் இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

கடைசி வரிக்கு முதலில். மற்றவர்களுக்கும் புரியவில்லை, நீங்கள் அதை எழுதிவிட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

மொழி: சி, ஒழுங்காக. லேப்டாப்: இருப்பதே போதும். அடுத்த கேள்வி.

அந்தப் பட்டனை மட்டும் விடமாட்டேன். லேப்களில் மிகவும் வீணடிக்கப்படும் பயிற்சி எது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. 3, 4 என்று ஏறியதும் ஏன் என்று கேட்காமல் ரெக்கார்டை மூடினீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. பாடம் தொடங்கிய இடத்தில் எழுந்து போய்விட்டீர்கள்.

பட்டனுக்குள் இருப்பது ஒரு உலோகத் தகடு. அழுத்தும்போது அது சில மில்லிசெகண்ட் துள்ளித்தான் அடங்கும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு ஒரு கிளாக் சைக்கிள் 62.5 நானோசெகண்ட். துள்ளல் 5 மில்லிசெகண்ட் நீடித்தால் 80,000 சைக்கிள். அத்தனை துள்ளலையும் தனித்தனி அழுத்தலாக எண்ண அதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. சிப் பொய் சொல்லவில்லை. பட்டனை அழுத்தாமலே, கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே எண் ஏறுகிறதா? அது வேறு நோய்: சிப்பின் இணைப்புக் கால், அதாவது பின், எதனுடனும் இணையாமல் மிதக்கிறது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை சப்ளைக்கு இழுத்துக் கட்டுங்கள், அல்லது அதே வேலைக்காக சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டரை (புல்-அப்) ஆன் செய்யுங்கள்.

உங்கள் சீனியரின் 200 மில்லிசெகண்ட் மருந்து அல்ல, மயக்க ஊசி. இன்டரப்டுக்குள் காத்திருந்தால் அந்த நேரம் முழுக்க மற்ற வேலைகள் நிற்கும், கம்ப்யூட்டரிலிருந்து சீரியல் இணைப்பில் வரும் எழுத்துகள் தொலையும். வேகமாக இரண்டுமுறை அழுத்தினால் இரண்டாவது தனியாகப் பதிவாகாது. டைமரை வைத்து 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பின்னைப் படியுங்கள். தொடர்ந்து 4 முறை ஒரே நிலை வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கெபாசிட்டர் வைத்தும் செய்யலாம், ஆனால் சிக்னல் மெதுவாக ஏறி இறங்கும் என்பதால் ஏறும்போது ஒரு அளவிலும் இறங்கும்போது வேறு அளவிலும் மாறும் ஷ்மிட் ட்ரிகர் இன்புட் வேண்டும்.

இதுவரை எலெக்ட்ரானிக்ஸ். இப்போது எண்ணும் வேரியபிளை, அதாவது கவுன்ட்டரை, டைமர் இன்டரப்டுக்குள் கூட்டி, நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும் மெயின் லூப்பில் படியுங்கள். நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரில், வேகம் கூட்டும் ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓடும். அதைப் போட்டதும் எண் அசையாமல் நின்றுவிடலாம். அந்த வேரியபிளை லூப்புக்குள் யாரும் மாற்றவில்லை என்று முடிவு கட்டிய கம்பைலர், ஒருமுறை சிப்பின் உள் இடமான ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும். வாலடைல் என்று அறிவித்தால் ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து படிக்கும். கம்பைலர் பாடம் வந்துவிட்டது, கவனித்தீர்களா?

இனிதான் எனக்குப் பிடித்த இடம். உங்கள் சிப் ஒரு நேரத்தில் 8 பிட் (ஒரு பைட்) மட்டும் எடுப்பது, கவுன்ட்டர் 16 பிட் என்று வையுங்கள். அதைப் படிக்க இரண்டு கட்டளை வேண்டும்: முதலில் கீழ் பைட், பிறகு மேல் பைட். எண் 255-இல் இருக்கிறது. கீழ் பைட் 255 என்று எடுத்தாயிற்று. அந்த இடுக்கில் இன்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்குகிறது. திரும்பி வந்து எடுக்கும் மேல் பைட் 1. மேல் பைட்டில் 1 என்றால் 256, இரண்டையும் சேர்த்தால் 256 + 255 = 511! 255-உம் இல்லை, 256-உம் இல்லை. வாலடைல் இதைத் தடுக்காது. படிக்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்தி, படித்ததும் திறந்துவிட வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் கிரிட்டிகல் செக்‌ஷன் என்று மனப்பாடம் செய்யப்போவது இதைத்தான். செயலி எழுதும் உங்கள் நண்பர்களும், ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட் ஒரே வேரியபிளைத் தொடும் நாளில், இதே குழியில்தான் விழுவார்கள்.

விளையாட்டுச் சாமான் என்று எழுதியிருக்கிறீர்கள். தெராக்-25 என்ற கதிர்சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை 6 நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் இறந்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளில் ஒன்று 1 பைட் வேரியபிள். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் சோதனை செய், பூஜ்யமானால் தேவையில்லை என்பது ஏற்பாடு. அதில் நிலையான மதிப்பை வைக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டினார்கள். 1 பைட்டில் 255-க்கு மேல் கொள்ளாது, அதனால் 256 சுற்றுக்கு ஒருமுறை தானாகவே பூஜ்யமாகும். சரியாக அந்தக் கணத்தில் ஆபரேட்டர் பட்டனை அழுத்தினால் சோதனை நடக்காது. ஆமாம், பட்டன்தான்.

துறை மாறுவதைக் கேட்டிருந்தீர்கள். இரண்டு துறையிலும் பல பாடங்கள் ஒன்றுதான். 511-ஐக் கண்ணால் பார்த்த பிறகும் மாறத் தோன்றினால் மாறுங்கள்.

பார்ப்பது எளிது. 100 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை டைமர் இன்டரப்டில் கவுன்ட்டரைக் கூட்டுங்கள். மெயின் லூப்பில் நிறுத்தாமல் படித்து, முந்தைய மதிப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 0 அல்லது 1-க்கு மேல் போகக் கூடாது, போனால் எல்.இ.டி.யை எரியவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். திரையில் அச்சிட வேண்டாம், அச்சிடும் நேரத்தில் கவுன்ட்டர் ஓடிப்போய் பொய்ப் பிழை காட்டும். பெரும்பாலும் சில நொடிகளில் எரிந்துவிடும். எரியாவிட்டால் லூப்பும் டைமரும் ஒரே தாளத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம், டைமர் இடைவெளியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். எரிந்ததும் எழுதுங்கள், ரெக்கார்டை இந்த முறை நீங்களே எழுதிவிட்டு.