46,767 கோடியில் எங்கள் பள்ளிக்கு எவ்வளவு?

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பல வருஷம் பில் போட்டு, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். தமிழக அரசுப் பள்ளிகளுக்கு வரும் நிதி பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கியதாகச் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் மின்விசிறி ஓடவில்லை. பணமெல்லாம் எங்கே போகிறது? (தருமபுரி மாவட்டப் பெற்றோர்)

பெரும்பகுதி சம்பளத்துக்கு. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வாத்தியார் இல்லாத வகுப்பில் மின்விசிறி ஓடி என்ன பயன்? ஆனால் பள்ளி தன் கையால் செலவழிக்கும் தொகை மிகச் சிறியது. பள்ளி மானியம் என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்ட விதிப்படி, 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 பேர் வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். பழுதான பெஞ்ச், சாக்பீஸ், கற்பித்தல் கருவிகள் எல்லாம் இதற்குள். அதிலும் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். 28 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு மாதம் 833 ரூபாய்தான் ஆகிறது. சொந்தப் பணத்தைப் போட்டு ஓட்டிய ஹெச்.எம்.கள் பலரை எனக்குத் தெரியும். நினைத்தால் இன்றும் மனசு பொறுக்கவில்லை.

கேள்வி: மத்திய அரசு நிறுத்திய 2,152 கோடி என்ன கணக்கு? (திருச்சி, பட்டதாரி ஆசிரியை)

அம்மா, அதே ஒருங்கிணைந்த திட்டம்தான். மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொண்டது 3,586 கோடி. அதில் டெல்லியின் பங்கு 2,152 கோடி. பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. மாநிலம் கையெழுத்திட மறுத்தது, பணம் நின்றது. 2025 மே மாதம் வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டுத் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது.

கொள்கை பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கட்டும். ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்தின் கையெழுத்துக்குப் பிணையாக வைத்தது அநியாயம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களின் சம்பளம் இந்தத் திட்டத்தில்தான் வருகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் சேரும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்துக்கான மத்திய அரசின் பங்கும் இதில்தான் வருகிறது. அந்த 25 சதவீத இடத்துக்குக் காத்திருந்த பிள்ளைகளின் சேர்க்கை 2025இல் அக்டோபர் வரை தள்ளிப்போனதற்கும் இந்த இழுபறிதான் காரணம்.

கேள்வி: காலை உணவுச் செலவும் 46,767 கோடிக்குள்தானா?

இல்லை. அது சமூக நலத் துறைக் கணக்கு.

கேள்வி: ஒதுக்கியது செலவானதா என்று சாதாரண ஆள் எப்படிப் பார்ப்பது? (மதுரை, கல்லூரி மாணவர்)

தமிழக நிதித்துறை இணையதளத்தில் மானியக் கோரிக்கை எண் 43ஐ எடுங்கள், தம்பி. பள்ளிக்கல்வித் துறையின் பட்ஜெட் விவரம் அதில்தான் இருக்கிறது. முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு எனப் பத்திகள் இருக்கும். எல்லோரும் கடைசிப் பத்தியைத்தான் பேசுகிறார்கள். நீங்கள் முதல் பத்தியைப் படியுங்கள். அதே ஆண்டுக்கு ஒதுக்கிய தொகைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியில்தான் கட்டாத வகுப்பறையும் நிரப்பாத பணியிடமும் இருக்கின்றன.

கேள்வி: நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். என்ன கேட்பது, ஐயா? (விழுப்புரம் மாவட்டத் தாய்)

படிக்காமல் போடாதீர்கள், அம்மா. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். மானியம் வந்த தேதி, ரொக்கப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். ஹெச்.எம்.மைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள், பணம் பிந்தி வந்து, மார்ச்சுக்குள் செலவழிக்கச் சொல்லும் நெருக்கடி அவருக்கும் உண்டு.

அதைவிட முக்கியம், சட்டத்தின் 22ஆம் பிரிவு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழுதான் தயாரிக்க வேண்டும். அதை வைத்துத்தான் நிதி தர வேண்டும். தருமபுரி நண்பரே, உங்களுக்கும் இதுதான் வழி. எத்தனை மின்விசிறி, எந்த வகுப்பு, வயரிங் சரியாக இருக்கிறதா என்று அந்தத் திட்டத்தில் எழுதி, தீர்மானம் போட்டு, நகலை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுங்கள். வாங்கியதற்கு முத்திரை குத்தச் சொல்லுங்கள்.