ஆனை மிதிக்குது, ஓர்கா ஏன் ஆளை விட்டுருது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏனுங்க, நம்ம பக்கம் காட்டுல திரியற ஆனைதான் ஆளை மிதிக்குது, முகாம்ல இருக்கிற கும்கி சொன்ன பேச்சு கேக்குது. ஆனா இந்த கில்லர் வேல்னு சொல்ற ஓர்கா கடல்ல மனுசனைச் சீண்டறதில்லையாம், தொட்டியில அடைச்சு மீன் போட்டு வளர்த்தவங்களைத்தான் கொல்லுதாம். அதெப்படிங்க தலைகீழா இருக்குது?
– பழனிச்சாமி, ஆனைமலை

பதில்: கேள்வி சரிதானுங்க, கும்கி விசயம் மட்டும் முழுசா ஒத்துக்க முடியாது, மதம் புடிச்சா அதுவும் பாகனையே அடிச்சிருக்குது.

கடல்ல ஓர்கா ஆளைக் கொன்னதா பதிவான சம்பவம் ஒண்ணுகூட இல்லீங்க. 1972ல கலிபோர்னியாவுல அலைச்சறுக்கு விளையாடிட்டிருந்த ஒருத்தரை ஒருக்கா கடிச்சுது, கடிச்ச உடனே விட்டுட்டுப் போயிருச்சு, அவரும் தையல் போட்டுப் பொழைச்சுக்கிட்டார். தொட்டிக் கணக்கு வேற, அங்க நாலு உயிர் போயிருக்குது, அதுல மூணு திலிகும்ங்கிற ஒரே ஆண் ஓர்காவோட பேர்ல இருக்குது. 1983ல ஐஸ்லாந்து கடல்ல புடிக்கறப்ப அதுக்கு ரெண்டு வயசு இருக்கும், தாயை விட்டுப் பிரிச்சு கனடாவுக்குக் கொண்டுபோயி, ராத்திரியானா ரெண்டு பொட்டை ஓர்காவோட இருட்டு அறை மாதிரி ஒரு சின்னத் தொட்டியில அடைச்சுப் போடுவாங்க, அதுக ரெண்டும் இதைப் பல்லால கீறித் தள்ளும், தப்பிச்சு ஓடறதுக்கு எடமே கிடையாது. 1991ல அங்க கால் தவறி விழுந்த பயிற்சியாளர் பொண்ணு செத்துப்போச்சு. அப்பவாவது நிறுத்தினாங்களா, இல்லை, அமெரிக்காவுல சீவேர்ல்டுங்கிற கடல் உயிரினக் காட்சிப் பூங்காவுக்கு வித்துட்டாங்க. அங்க 1999ல ராத்திரி நேரத்துல உள்ள புகுந்த ஒருத்தர், 2010ல பல வருச அனுபவம் இருந்த பயிற்சியாளர் டான் பிராஞ்சோங்கிற பொண்ணு, ரெண்டு பேரும் செத்தாங்க. நாலாவது சாவு 2009ல ஸ்பெயினோட டெனெரிஃப் தீவுல, அது வேற ஓர்கா.

கடல்ல இதுக தாய் பின்னாலயே கூட்டமா திரியும், தாய் எதைத் தின்னப் பழக்குச்சோ அதைத்தான் தின்னும். சில கூட்டம் மீனைத் தவிர வேற தொடாது, சில கூட்டத்துக்கு சீல்ங்கிற கடல்நாய்தான். மனுசன் அந்தப் பட்டியல்லயே இல்லை. நம்ம ஆனைக்கும் நமக்கும் சண்டை வர்றது ஒரே மண்ணுக்கு, வாழைக்கும் கரும்புக்கும். ஓர்காவுக்கு நம்ம தோட்டம் எதுக்குங்க? அதுக்காக அது மனுசனுக்குச் சிநேகிதன்னு கதை கட்ட வேண்டாம், குளிர்ந்த கடல்ல அது கண்ணுல படற ஆளே கம்மிங்கறதையும் கணக்குல வெச்சுக்கோணும்.

கேள்வி: ஸ்பெயின் பக்கம் படகையெல்லாம் ஒடைக்குதே, பழி வாங்குதுங்களா?
– கார்த்தி, திருப்பூர்

பதில்: வீடியோ போடறவங்க அப்படித்தான் சொல்றாங்க தம்பி. 2020ல இருந்து ஜிப்ரால்டர், போர்ச்சுகல் பக்கம் பாய்மரப் படகைத் திருப்பற சுக்கானை முட்டி ஒடைக்குதுக, சில படகு முழுகியும் போச்சு, ஆனா தண்ணிக்குள்ள விழுந்த ஆளை ஒண்ணும் பண்ணலை. பழி வாங்கறதா இருந்தா ஆளை விட்டுட்டு சுக்கானையே ஏன் புடிச்சுத் தொங்கோணும்? இது வெளையாட்டுன்னுதான் ஆராய்ச்சியாளருக நெறையப் பேர் சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. 1987ல அமெரிக்காவோட மேற்குக் கரையில ஓர்காக செத்த சால்மன் மீனைத் தலைமேல வெச்சுக்கிட்டுச் சுத்துச்சுக, ஒண்ணைப் பார்த்து ஒண்ணு பழகி, கொஞ்ச நாள்ல விட்டுருச்சுக. அந்த ஸ்பெயின் கூட்டத்துல மொத்தமே சில டஜன்தான் மிச்சம், படகுக்காரங்க கோவத்துல சுட்டுத் தொலைச்சாங்கன்னா அதோட முடிஞ்சுது.

கேள்வி: அடைச்சு வெச்சதையெல்லாம் தொறந்து உட்டுட்டா என்னங்க, பாவம்?
– மல்லிகா, கோபி

பதில்: உட்டுப் பார்த்தாங்கம்மா. கெய்கோன்னு ஒண்ணு, 1979ல ஐஸ்லாந்துல புடிச்சது, வருசக்கணக்கா பழக்கி 2002ல அங்கயே கடல்ல உட்டாங்க. அது வேற ஓர்காகூட ஒட்டவே இல்லை, நேரா நார்வேக்குப் போயி மனுசங்க இருக்கிற எடமாத் தேடுச்சு, புள்ளைங்க முதுகுமேல ஏறி வெளையாடுனாங்க. 2003 டிசம்பர்ல நிமோனியாவுல செத்துப்போச்சு. குட்டியிலயே புடிச்சதை அப்படியே தொறந்து உடறதுல எனக்கு நம்பிக்கை இல்லீங்க, கடல்லயே வலை கட்டிப் பெருசா எடம் குடுத்துப் பார்த்துக்கலாம். சீவேர்ல்டு 2016ல இனப்பெருக்கத்தை நிறுத்தறதா அறிவிச்சாச்சு, அதனால அங்க இருக்கிறதுதான் கடைசித் தலைமுறை.

கேள்வி: நம்மூரு தண்ணி பார்க்குக்கு ஓர்கா வருங்களா? பையன் நச்சரிக்கிறான்.
– செந்தில், மேட்டுப்பாளையம்

பதில்: வராதுங்க. டால்பின் காட்சிக்கூடம் எதுக்கும் அனுமதி குடுக்க வேண்டாம்னு 2013லயே மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிருச்சு, ஓர்காவும் டால்பின் குடும்பம்தான்.