போக்கியத்துக்கு நகையை வைக்கலாமா?

கேள்வி: தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் ஐந்து வருடமாக 4,500 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கணவர் மினி லாரி ஓட்டுகிறார், நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன், இரண்டு பிள்ளைகள். அடுத்த மாதத்திலிருந்து 7,000 கொடுங்கள், இல்லாவிட்டால் காலி பண்ணுங்கள் என்கிறார் ஹவுஸ் ஓனர். எழுத்தில் எதுவும் போடவில்லை. மூன்று லட்சம் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு வாடகையே இல்லாமல் போக்கியத்துக்கு ஒரு வீடு இருப்பதாகத் தெரிந்தவர் சொல்கிறார். நகையை அடகு வைத்து அதைப் பிடிக்கலாமா? வாடகைக்கு அரசாங்கத்தில் உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் சகோதரி, ஏனென்றால் அதை நம்பி நீங்கள் நாட்களை ஓட்டிவிடக் கூடாது. மாதாமாதம் வாடகைக்கென்று உங்கள் கையில் பணம் தரும் அரசுத் திட்டம் எதுவும் இல்லை. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0 என்று 2024-இல் வந்ததில் வாடகை வீடுகளுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள், ஆனால் அது அந்த மாதிரி வீடுகளைக் கட்டுவதற்கும் நடத்துவதற்கும் போகிற பணம். "வாடகை மானியம் வாங்கித் தருகிறேன், ஆதார் ஜெராக்ஸும் ஐந்நூறு ரூபாயும் கொடுங்க" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது போக்கியம், அதாவது மொத்தமாக ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மூன்று வருடம் வாடகை இல்லை என்று கேட்கும்போது யாருக்கும் மனசு அங்கேதான் போகும், ஆனால் சொந்தமாகச் சேர்த்த மூன்று லட்சம் வீட்டில் சும்மா கிடந்தால் அது ஒரு கணக்கு, நகையை வைத்துப் புரட்டினால் அது வேறு கணக்கு. பேங்கில் வருடத்துக்கு ஒன்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 2,250 ரூபாய் வட்டி. அடகுக்கடையில் இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு வைத்தால் மாதம் 6,000, அதாவது இப்போது கொடுக்கிற வாடகையை விட ஜாஸ்தி! இதில் யாரும் சொல்லாத இன்னொன்று, பேங்க் நகைக்கடனைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டும், உங்கள் மூன்று லட்சமோ மூன்று வருடம் கழித்துத்தான் திரும்ப வரும். நடுவில் இரண்டு தடவை மாற்றி வைக்க உங்களிடம் பணம் இருக்குமா? மூன்று வருடம் முடிந்தாலும் ஓனர் அந்தப் பணத்தை பீரோவில் எடுத்து வைத்திருக்கப் போவதில்லை, அடுத்த போக்கியக்காரர் கொடுத்தால்தான் உங்களுக்குத் தருவார், அது வரைக்கும் நீங்களும் காலி பண்ண முடியாது, நகையும் மூழ்கிக்கொண்டிருக்கும்.

அதற்கும் மேலே ஒரு ஆபத்து, அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே பேங்க் கடன் இருந்தால். ஓனர் தவணை கட்டாமல் விட்டு வீடு ஏலத்துக்குப் போனால் முன்னால் அடமானம் வாங்கிய பேங்குக்குத்தான் முதல் உரிமை, நீங்கள் வீட்டையும் விட்டு, பணத்துக்கு ஓனர் பின்னால் அலைய வேண்டியதுதான். அதனால் வேண்டாம் என்பதுதான் என் பதில். என் பேச்சைக் கேட்காமல் போவதாக இருந்தாலும் பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசு கிடையாது. வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு பண்ணாத போக்கியத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், பத்திரத்தாளில் எழுதி நோட்டரி சீல் அடித்தால் போதும் என்று எவ்வளவு நெருக்கமானவர் சொன்னாலும் சரி.

சரி, இப்போது இருக்கிற வீடு. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் போடப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. உங்களிடம் எழுத்தே இல்லை என்பது உங்களுக்குப் பலவீனம்தான், மறைத்துப் பயனில்லை, ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி ஓனர் காலி செய்யக் கேட்கலாம். ஆனால் அவர் கேட்க வேண்டியது வாடகை நீதிமன்றத்தில். சாமானை வெளியே வைப்பது, மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாம் செல்லாது, அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் நீங்களே மனு கொடுக்கலாம், துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர்தான் அந்த அதிகாரி. வக்கீலுக்குக் காசு இல்லையே என்று நினைக்காதீர்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், தொலைபேசி எண் 15100.

இதையெல்லாம் ஓனரிடம் போய்ச் சட்டப் புத்தகம் மாதிரி படித்துக் காட்டாதீர்கள், வேலைக்கு ஆகாது. ஐந்து வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பத்தை அனுப்பிவிட்டுப் புது ஆளைத் தேடி, வெள்ளையடித்து, வீட்டை இரண்டு மாதம் பூட்டி வைப்பதில் அவருக்கும் நஷ்டம் இருக்கிறது. "5,200 தருகிறோம், பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொள்ளலாம், முடியாது என்றால் மூன்று மாசம் டைம் கொடுங்க" என்று கணவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். இனிமேல் வாடகையை ஜிபேயில் அனுப்புங்கள், குறிப்பில் எந்த மாத வாடகை என்று போடுங்கள், நாளைக்கு அதுதான் உங்கள் ரசீது.

பேச்சு படியவில்லை என்றால் வேறு வீடுதான். நான்கு ரோட்டைச் சுற்றியே தேடினால் இந்தக் காசுக்குக் கிடைப்பது கஷ்டம். நல்லம்பள்ளி, செட்டிக்கரை, சோகத்தூர், அதியமான்கோட்டை பக்கம் பாருங்கள். அரசு டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் தூரம் உங்களுக்குச் செலவு ஆகாது, ஆனால் தனியார் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது, ஜவுளிக்கடை சாத்துகிற நேரத்துக்கு அந்தப் பக்கம் கடைசி அரசு பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரியுங்கள். தீபாவளி சமயத்தில் கடையில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

புரோக்கரிடம் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவர், பால் ஊற்றுகிறவர், முனை மளிகைக்கடை, இவர்களைக் கேளுங்கள், போர்டு மாட்டாத வீடுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், அதனால் அந்த மாதங்களில் காலியாகிற வீடு அப்படியே நிற்கும், ஓனரும் இறங்கி வருவார். அப்போது பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆவணியிலோ தையிலோ குடி போகலாம். "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்கிறவர்களும் வருவார்கள், அதைக் கேட்டுவிட்டு வீடு இல்லை என்கிற ஓனர் நாளைக்கு நிம்மதியாக இருக்க விடமாட்டார், அங்கே நிற்காமல் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

வீடு பிடித்தால் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். மின் மீட்டர் தனியா, சப் மீட்டரா? தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 200 யூனிட்டுக்குள் நின்றால் பில் முந்நூறு ரூபாயைத் தாண்டாது. அதே 200 யூனிட்டுக்கு சப் மீட்டரில் யூனிட் எட்டு ரூபாய் என்று ஓனர் வாங்கினால் 1,600. அடுத்து குடிதண்ணீர். நம் மாவட்டத்தில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை விழுவது அதனால்தான், கொதிக்க வைத்தாலும் போகாது. ஒகேனக்கல் தண்ணீர் அந்தத் தெருக் குழாயில் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள், ஓனரிடம் கேட்டால் தினமும் வருகிறது என்பார். வராத வீட்டுக்கு கேன் தண்ணீர்க் காசையும் சேர்த்துத்தான் வாடகை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு எழுதினால் கூடுதலாகவும் வாங்கலாம் என்று வாசலையும் திறந்து வைத்திருக்கிறது, அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசி முடியுங்கள்.

இன்னொரு வேலையையும் இப்போதே ஆரம்பியுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில், முன்பு குடிசை மாற்று வாரியமாக இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீட்டுக்கு மனு கொடுங்கள். வருட வருமானம் மூன்று லட்சத்துக்குள், எங்கேயும் சொந்த வீடு இல்லை என்றால் கேட்கலாம். அதற்குப் பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டும், நாளும் ஆகும், உங்கள் நகை உதவ வேண்டிய இடம் என்றால் அதுதான். உங்கள் பெயரில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டும் ஒரு மனு போடுங்கள். கணவரின் சொந்த ஊரில் பட்டாவோடு இடமும் அதில் குடிசையும் இருந்தால் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் தருகிறார்கள், அப்படி ஏதாவது இருந்தால் ஊர் பெயரோடு மறுபடியும் எழுதுங்கள், அதை வேறு விதமாகப் பார்க்கலாம்.