நாராவில் இலவச வழிகாட்டி: தாராளமாகக் கேளுங்கள்

அப்பா அம்மாவுடன் ஜப்பானின் நாரா நகரத்துக்குப் போகிறீர்கள். இலவச வழிகாட்டி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் கையை நீட்டுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். நீட்ட மாட்டார்கள். ‘குட்வில் கைடு’ எனப்படும் இவர்கள் தன்னார்வலர்கள். பணி ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களும் இவர்களில் உண்டு. ஆனால் அவர்களுடைய பஸ், ரயில் கட்டணம், நுழைவு டிக்கெட், மதியச் சாப்பாடு ஆகியவற்றை நாம் ஏற்பதுதான் முறை. டிப்ஸ் கொடுத்தால் சங்கடப்படுவார்கள். ஒரு சிறிய இனிப்புப் பெட்டி போதும். முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

தோதாய்ஜி என்ற புத்தர் கோயிலில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரப் புத்தரைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் ஒரு தூணின் அடியில் ஓட்டை இருக்கிறது. புத்தரின் மூக்குத் துவாரத்தின் அளவாம்! அதில் நுழைந்து வெளியே வந்தால் நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. ஷின்டோ மதக் கோயிலான கசுகா தைஷாவில் வணங்கும்போது இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். தோதாய்ஜியில் கைதட்டக் கூடாது, நம்மூர் போலக் கைகூப்பினால் போதும்.

அம்மா சைவம் என்கிறீர்கள். ‘மீன் வேண்டாம்’ என்றால் போதாது. பெரும்பாலும் மீனில் செய்யும் சாறான ‘தாஷி’யும் வேண்டாம் என்று வழிகாட்டியைவிட்டே கடையில் சொல்லச் சொல்லுங்கள். பார்வைக்குச் சைவமாகத் தெரியும் சூப்பிலும் பெரும்பாலும் இந்த மீன்சாறுதான்.