வியட்நாமில் தலைவர்கள் மாறினால் நம் ஒப்பந்தம் என்னாகும்?

கேள்வி: நான் ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் உற்பத்தி மேலாளர். ஹோ சி மின் நகரை ஒட்டிய பின் ஜுவோங் பகுதித் தொழிற்பேட்டையில் இடம் குத்தகைக்கு எடுத்துத் தையல் பிரிவு தொடங்க நிறுவனம் முடிவு செய்திருக்கிறது. பொறுப்பேற்று அங்கே போகப்போவது நான். 2023 தொடங்கி இரண்டே ஆண்டுகளுக்குள் நான்கு பேர் அங்கே குடியரசுத் தலைவர் பதவியில் இருந்திருக்கிறார்கள் என்று படித்தேன். கம்யூனிஸ்ட் நாடு வேறு. நீண்ட கால ஒப்பந்தம் போடலாமா? சீர்திருத்தம் என்று சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 2023 ஜனவரியில் நுயென் சுவான் ஃபுக் விலகினார். அடுத்து வந்த வோ வான் துவோங் ஒரே ஆண்டில், 2024 மார்ச்சில் போனார். மே மாதம் டோ லாம் வந்தார். அக்டோபரில் லுவோங் குவோங். இடையில் நாடாளுமன்றத் தலைவர் வுவோங் டின் ஹுவேயும் பதவி இழந்தார். வேறு நாட்டில் இப்படி நடந்திருந்தால் முதலீட்டாளர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள். வியட்நாமில் 2024-ல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்குச் சற்று மேலே வளர்ந்தது.

குடியரசுத் தலைவர் மாறினால் அங்கே கொள்கை மாறாது. அதிகாரத்தின் மையம் கட்சியின் பொதுச் செயலாளர். குடியரசுத் தலைவர், பிரதமர், நாடாளுமன்றத் தலைவர் மூவரையும் அவரோடு சேர்த்து ‘நான்கு தூண்கள்’ என்பார்கள். ஆனால் நான்கும் ஒரே பருமன் இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கூடும் கட்சி மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. சுமார் 200 பேர் கொண்ட அந்தக் குழு இருபது பேருக்கும் குறைவான அரசியல் தலைமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. பெரிய முடிவுகள் பிறப்பது அங்கேதான். 2013 அரசியல் சட்டத்தின் 4-வது பிரிவு, நாட்டையும் சமூகத்தையும் வழிநடத்தும் சக்தி கட்சியே என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

ஃபுக், துவோங், ஹுவே மூவரும் விழுந்தது கொள்கைச் சண்டையில் அல்ல என்பதுதான் கட்சி சொன்ன காரணங்களிலிருந்து தெரிவது. நுயென் ஃபூ ட்ரோங் 2011 முதல் 2024 ஜூலையில் இறக்கும் வரை பொதுச் செயலாளராக இருந்தார். அவர் நடத்திய ஊழல் ஒழிப்பு இயக்கம் கட்சியின் உச்சி வரை போனது. கீழே இருப்பவர்கள் செய்த தவறுக்குத் தலைமையில் இருந்தவர் அரசியல் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லித்தான் ஃபுக் விலக்கப்பட்டார். அதனால் பதவி பறிபோகும் செய்தியைப் படித்துப் பயப்படாதீர்கள். அந்தச் செய்தியால் கீழே இருக்கும் அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். உங்களுக்கு உண்மையான ஆபத்து அங்கேதான்.

கைதுகள் தொடங்கினால் அதிகாரிகள் கையெழுத்துப் போட பயப்படுவார்கள். 2022, 2023-ல் இது நாடு முழுக்க நடந்தது. நிலம், கட்டட அனுமதி, தீயணைப்புச் சான்று என்று எந்தக் கோப்பும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்ததே தவிர முடியவில்லை. இன்று போடும் கையெழுத்துக்கு ஐந்து வருஷம் கழித்துச் சிறைக்குப் போக வேண்டியிருக்குமோ என்ற பயம் அது. நிலைமை முற்றிப்போய், பொது நன்மைக்காகத் துணிந்து முடிவெடுக்கும் அதிகாரிகளைப் பாதுகாக்க 2023 செப்டம்பரில் அரசு தனி ஆணையே கொண்டுவந்தது. எனவே உங்கள் அட்டவணையில் அனுமதிகளுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். ‘இத்தனை மாதத்தில் உற்பத்தி’ என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

சரி, சீர்திருத்தத்தை நம்பலாமா? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1966-ல் வடக்கே வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் நோக், கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பயிரிட வைத்தார். விளைச்சல் கூடியது. 1968-ல் கட்சி அதைக் கண்டித்து நிறுத்தியது. கண்டித்தவர்களில் முதன்மையானவர், கொள்கை விஷயத்தில் கறாரான மூத்த தலைவர் ட்ருவோங் சின். கிம் நோக் 1979-ல் இறந்தார்.

ஆனால் பசி நிற்கவில்லை. 1970-களின் கடைசியில் ஹோ சி மின் நகரத்துக்கே அரிசி போதவில்லை. அரசு விலைக்கு விற்க மேகாங் டெல்டா விவசாயிகள் தயாராக இல்லை. நகரக் கட்சித் தலைவர் வோ வான் கியட் சந்தை விலையில் நெல் வாங்க ஏற்பாடு செய்தார். சட்டப்படி அது தவறு. லாங் ஆன் மாகாணம் ரேஷன் கூப்பனை எடுத்துவிட்டுச் சந்தை விலைக்கே விற்றுப் பார்த்தது. இவற்றை ‘வேலி உடைப்பு’ என்று இன்றும் சொல்கிறார்கள். வேலியை உடைத்தவர்கள் அரசின் எதிரிகள் அல்ல, அரசின் ஆட்களே.

1985-ல் நாணயத்தை மாற்றிச் செய்த முயற்சி படுதோல்வி. 1986-ல் விலைவாசி ஒரே ஆண்டில் எட்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த ஜூலையில் பொதுச் செயலாளர் லே ஸுவான் இறக்க, அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அதே ட்ருவோங் சின். வயது 79. ஊர் ஊராகப் போய்ப் பார்த்த நிலைமையை ஏற்றுக்கொண்டு, மாநாட்டுக்குத் தயாராக இருந்த பழைய அறிக்கையைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுத வைத்தார். டிசம்பரில் கூடிய 6-வது மாநாட்டில் ‘டோய் மோய்’ என்னும் சீரமைப்பு பிறந்தது. பொறுப்பை நுயென் வான் லின்னிடம் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கினார். 1987 இறுதியில் அந்நிய முதலீட்டுச் சட்டம் வந்தது. 1988-ல் நிலத்தைக் குடும்பங்களே பயிரிடலாம் என்ற தீர்மானம் வந்தது. அதுவரை அரிசி இறக்குமதி செய்த நாடு மறு வருஷமே பத்து லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. எனக்கு இந்த வரலாற்றில் அலுக்காத பகுதி இது. கட்சி மாநாடு ஒன்று இத்தனை கோடிப் பேரின் சோற்றுத் தட்டை இவ்வளவு சீக்கிரம் நிரப்பியது அபூர்வம்.

ஆகவே ‘இவர் சீர்திருத்தவாதி, அவர் பழைமைவாதி’ என்று பத்திரிகைகள் ஒட்டும் பெயர்ச்சீட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். டோ லாம் வாழ்நாள் முழுக்கக் காவல் துறையில் இருந்தவர். 2016 முதல் 2024 வரை பொதுப் பாதுகாப்பு அமைச்சர். 2024 ஆகஸ்டில் பொதுச் செயலாளரானார். அவர் காலத்தில்தான், 2025 மே மாதம், தனியார் துறையைப் பொருளாதாரத்தின் மிக முக்கியமான உந்துசக்தி என்று சொல்லும் 68-வது தீர்மானம் வந்தது. அரசு நிறுவனங்களே முன்னோடி என்று பேசிவந்த கட்சிக்கு இது பெரிய நகர்வு.

எல்லை எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் சரிந்தபோது, அரசியலிலும் பன்மை வேண்டும் என்று பேசிய தலைமைக் குழு உறுப்பினர் ட்ரான் சுவான் பாக்கை 1990 மார்ச்சில் நீக்கினார்கள். சந்தைக்குக் கதவு திறந்தது, எதிர்க்கட்சிக்குத் திறக்கவில்லை. சுதந்திரமான செய்தித்தாளும் இல்லை. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். தலைமையின் தவறை ஊருக்குச் சொல்ல ஆளில்லாத நாட்டில் தவறு தெரியவே பல ஆண்டுகள் ஆகும். கிம் நோக் கதையே அதற்குச் சாட்சி. இப்போது அதிகாரம் முன்னைவிட ஒரே இடத்தில் குவிகிறது என்பதையும் நான் சாதகமாகப் பார்க்கவில்லை. முடிவுகள் வேகமாக வரும், தடுத்துக் கேட்கும் குரல் குறையும்.

அந்த வேகம் உங்களை நேரடியாகத் தொடுகிறது. 2025 ஜூலை 1 முதல் 63 மாகாணங்களும் மாநகரங்களும் 34 ஆகிவிட்டன. மாவட்ட நிர்வாகம் என்ற அடுக்கே இல்லை. பின் ஜுவோங் இப்போது தனி மாகாணம் இல்லை, ஹோ சி மின் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. திட்டமிடல், முதலீட்டு அமைச்சகம் நிதி அமைச்சகத்துக்குள் போய்விட்டது. பழைய ஆவணங்கள் காலாவதி ஆகும் வரை செல்லும் என்று சட்டம் சொல்கிறது, ஆனாலும் மாவட்ட அலுவலகத்தில் வாங்கிய எந்தச் சான்றை இனி யார் புதுப்பிப்பார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய முகவர்கள் சொல்லும் வழி பல இடங்களில் இன்று செல்லாது.

அங்கே கட்சித் தீர்மானம் என்பது திசைகாட்டும் பலகை. அது நாடாளுமன்றத்தில் சட்டமாகி, அரசு ஆணையாகி, அமைச்சகச் சுற்றறிக்கையாக வந்த பிறகே அலுவலகத்தில் எழுத்தர் அதன்படி நடப்பார். இடைவெளி பல மாதங்கள் இருக்கலாம். தீர்மானத்தை மட்டும் காட்டி ‘சலுகை வந்தாச்சு’ என்று யாராவது சொன்னால், சுற்றறிக்கை எண்ணைக் கேளுங்கள்.

நீண்ட கால ஒப்பந்தம் போடலாம் என்பதே என் கருத்து. கையெழுத்துக்கு முன் நான்கு தாள்கள் வாங்குங்கள்: உங்கள் முதலீட்டுப் பதிவுச் சான்று, நிறுவனப் பதிவுச் சான்று, தொழிற்பேட்டைக்கு அரசு கொடுத்த நிலக் குத்தகையின் நகல், அதற்கான வாடகை ரசீது. நிலம் அங்கே யாருக்கும் சொந்தமில்லை, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். பேட்டையின் காலம் பெரும்பாலும் 50 ஆண்டு. அதில் மிச்சம் எத்தனை என்று பாருங்கள், உங்கள் குத்தகை அதைத் தாண்ட முடியாது. அரசுக்கு வாடகை மொத்தமாகக் கட்டப்பட்டதா, ஆண்டுதோறுமா என்பதும் முக்கியம். ஆண்டு வாடகை என்றால் நிலத்தின் மீதான உரிமையை வங்கியில் அடகு வைக்க முடியாது, கட்டடத்தை மட்டும் வைக்கலாம். சட்டம் பாதகமாக மாறினாலும் கிடைத்த சலுகை மீதிக் காலத்துக்குத் தொடரும் என்ற உறுதி முதலீட்டுச் சட்டத்தில் நெடுநாளாக உண்டு. பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல் காரணங்களுக்கு அது பொருந்தாது. சலுகைகள் பதிவுச் சான்றிலேயே எழுதப்பட்டிருந்தால் பிடி வலுவாக இருக்கும்.

அப்புறம், உங்களுக்குத் தனிப்பட்ட முறையில். வேலை நகர ‘காபிக் காசு’ கேட்பார்கள், கொடுக்காதீர்கள். 20 லட்சம் டோங், அதாவது நம் கணக்கில் சில ஆயிரம் ரூபாய் கைமாறினாலே கொடுத்தவர் மீது குற்ற வழக்குப் போடலாம். சமூக ஊடகத்தில் கட்சியையோ தலைவர்களையோ பற்றி எழுதாதீர்கள். ‘ஜனநாயகச் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக’ குற்றவியல் சட்டத்தின் 331-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் பதிவைப் பகிரும் உள்ளூர் ஊழியருக்குத்தான் அதனால் முதலில் ஆபத்து.

அந்த நான்கு தாள்களும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், குத்தகை ஷரத்துகளைத் தனியாகப் பார்க்கலாம்.