பண்ருட்டிப் பக்கம் மாசி, பங்குனியில் காலையில் மூட்டிய சருகுத் தீ மதியம் ஏன் பரவுகிறது?

காற்று திசை மாறுவதுதான் முக்கியக் காரணம். மழை டிசம்பரோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மாசியில் முந்திரிச் சருகு கையில் எடுத்தாலே நொறுங்கும். காலையில் தரையிலிருந்து மெல்ல வீசும் காற்று வெயில் ஏறியதும் அடங்கி, கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்றாகத் திரும்பும். அணைந்துவிட்டது என்று விட்டுப்போன சாம்பலுக்குள் கனல் இருந்தால் அப்போதுதான் பொறி பறக்கும். பக்கத்தில் கூரை வீடோ கரும்புச் சோகையோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தயவுசெய்து கொளுத்தாதீர்கள். சருகை மரத்தடியில், தண்டை விட்டு ஓரடி தள்ளி மூடாக்காகப் போடுங்கள், ஈரம் நிற்கும். வேலியோரம் 3 மீட்டர் அகலத்துக்கு மண் தெரியச் செதுக்குங்கள். ஏற்கெனவே மூட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். மண் போட்டு மூடினால் மட்டும் போதாது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது. கைமீறினால் உடனே தீயணைப்புத் துறைக்கு 101.