‘லிசா அண்ட் தி டெவில்’ என்ற பழைய இத்தாலியத் திகில் படத்தைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் குப்பை என்கிறார்கள். நான் பார்த்தபோது நடுநடுவே ஆஸ்பத்திரி எதற்கு வருகிறது என்றே புரியவில்லை. யார் சொல்வது சரி?

நீங்கள் பார்த்த படத்தில் பாதிரியார் ஒருவர் வந்தாரா? வந்தார் என்றால் நீங்கள் ‘லிசா அண்ட் தி டெவில்’ படத்தை இன்னும் பார்க்கவே இல்லை. பார்த்தது, அதையே வெட்டிப் புதுக் காட்சிகள் ஒட்டி வெளியிட்ட ‘தி ஹவுஸ் ஆஃப் எக்ஸார்சிசம்’. இந்தப் படத்தை வைத்து நடக்கும் சண்டையில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவர் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திட்டுகிறார், இன்னொருவர் மற்றதைப் பார்த்துவிட்டுப் புகழ்கிறார். கேள்வியில் “நடுநடுவே ஆஸ்பத்திரி எதற்கு வருகிறது என்றே புரியவில்லை” என்று எழுதியிருப்பதால், உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கதை இப்படி: 1972-இல் வந்த ‘பேரன் பிளட்’ என்ற திகில் படம் நன்றாக ஓடியது. அந்தத் தெம்பில் தயாரிப்பாளர் ஆல்ஃபிரடோ லியோன், அடுத்த படத்தை இஷ்டம்போல எடுத்துக்கொள் என்று அதை எடுத்த இயக்குநர் மாரியோ பாவாவிடம் விட்டுவிட்டார். ஸ்பெயினின் டொலேடோ நகரத்துச் சந்துகளில் தொடங்கும் படம் அப்படி உருவானது. 1973-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டுக் காட்டினார்கள், வாங்க ஆள் வரவில்லை. ஸ்பெயினைத் தவிர வேறெங்கும் அநேகமாக விலைபோகவில்லை. அந்த டிசம்பரில் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ வெளியாகி வசூலை அள்ளியது. கையில் விற்காத படம், வெளியே பேயோட்டும் படத்துக்கு அலைமோதும் கூட்டம். லியோன் என்ன செய்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நடிகர் ராபர்ட் ஆல்டாவுக்குப் பாதிரியார் அங்கி மாட்டி, நாயகி எல்கி சோமரைத் திரும்ப வரவழைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பச்சை வாந்தி, வாயிலிருந்து தவளை, காது கூசும் கெட்ட வார்த்தைகள் என்று புதிதாக எடுத்துச் செருகினார்கள். பாவா கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு கட்டத்தில் ஒதுங்கிக்கொண்டார். மீதி லியோனின் கைவேலை. 1975-இல் அது வெளியானபோது இயக்குநர் என்று திரையில் வந்த பெயர் ‘மிக்கி லயன்’.

காட்சிகளைச் சேர்த்ததை விட, எங்கே சேர்த்தார்கள் என்பதுதான் படத்தைக் கெடுத்தது. அசலில், சுற்றுலா வந்த லிசா வழி தவறியதிலிருந்து மறுநாள் காலைவரை ஒரே இரவு, ஒரே வீடு. பார்ப்பவருக்கு மூச்சுவிட இடமே இல்லை, அதுதான் படத்தின் பலம். நடுவே ஆஸ்பத்திரியைக் காட்டுவது, நன்றாகத் தூங்குகிறவரைத் தட்டித் தட்டி எழுப்புவது போல. போதாததற்கு, அசல் படம் வாய் திறக்காமல் விட்டதையெல்லாம் பாதிரியார் விளக்கிக்கொண்டே இருக்கிறார்.

எது எது என்று கண்டுபிடிக்க ஓடும் நேரத்தை நம்பாதீர்கள். இரண்டும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டியே ஓடும். மூன்று அடையாளங்கள் போதும்: தலைப்பு அட்டை, இயக்குநர் பெயர், டொலேடோ தெருவில் லிசாவுக்கு என்ன ஆகிறது என்பது. அவள் தெருவிலேயே விழுந்து கைகால் உதறித் துடித்தால் உடனே நிறுத்திவிடலாம். அசலில் அவள் துடிப்பதில்லை, தொலைந்து போகிறாள். பிசாசு பிணங்களைச் சுமந்து போகும் சுவரோவியத்தைப் பார்க்கிறாள். பிறகு ஒரு கடைக்குள் நுழைந்தால் அதே முகத்தோடு ஒருவன் பொம்மை வாங்கிக்கொண்டிருக்கிறான். ஆளில்லாத தெருக்களில் இரவுவரை சுற்றிவிட்டு, ஒரு தம்பதியின் காரில் ஏறி, கார் பழுதாகி, அந்த மாளிகைக்குப் போய்ச் சேர்கிறாள்.

“நான் அசலைத்தான் பார்த்தேன், அதுவும் தலைகால் புரியவில்லை” என்று ஒரு கூட்டம் வரும், தெரியும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் குடும்ப உறவை மட்டும் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி தெளிந்துவிடும்: மாளிகையின் பார்வையற்ற சீமாட்டி (நடிகை அலிடா வல்லி), அவள் மகன் மேக்ஸ், அவளுடைய இரண்டாவது கணவன் கார்லோ. மேக்ஸ் காதலித்த எலனா மீது கார்லோவுக்கும் ஆசை. லிசா அச்சு அசல் எலனா போலவே இருக்கிறாள். அவ்வளவுதான் முடிச்சு. அதற்கு மேல் “யார் உயிரோடு இருக்கிறார்கள்” என்று கணக்குப் போடாதீர்கள், விடை வராது. கார்லோ ஒரு ஷாட்டில் பொம்மை, அடுத்த ஷாட்டில் ரத்தமும் சதையுமாக நடிகர். எடிட்டிங் பிழை என்று சிலர் இதைப் பட்டியல் போடுகிறார்கள். வேண்டுமென்றே செய்தது ஐயா அது.

நடிகர் டெல்லி சவாலஸுக்காகவே பார்க்கலாம். லியாண்ட்ரோ என்ற வேலைக்காரராக வருகிறார். வாயில் லாலிபாப். ‘கோஜாக்’ என்ற அமெரிக்கத் துப்பறியும் டிவி தொடரில் அது அவருடைய அடையாளமாக ஆவதற்கு முன்பே எடுத்த படம் இது. ஒரு காட்சியில் பிணம் சவப்பெட்டிக்குள் அடங்காது. அவர் பதறுவதே இல்லை. கணுக்காலை உடைத்து மடக்கி உள்ளே வைக்கிறார், வீட்டு வேலை முழுக்க நம் தலையிலேதான் விடிகிறது என்கிற சலிப்போடு. அந்த வீட்டில் எஜமான் யார் என்பது அந்தச் சலிப்பிலேயே தெரிந்துவிடும்.

பாவா பக்தன் என்று என்னை ஓரம்கட்டிவிட வேண்டாம், குறைகளும் சொல்கிறேன். ஜூம் அளவுக்கு மீறி இருக்கிறது. தண்டவாளம் போட்டுக் கேமராவை நகர்த்துவதற்கு ஆளும் நேரமும் வேண்டும். ஜூம் லென்ஸ் இருந்தால் நின்ற இடத்திலேயே வேலை முடியும். சின்ன பட்ஜெட்காரர்களுக்கு அது வசதி, ஆனால் முகத்தை நோக்கிப் பாயும் ஒவ்வொரு ஜூமும் இன்று பார்க்கையில் துருத்திக்கொண்டு நிற்கிறது. மேக்ஸாக வரும் அலெசியோ ஓரானோ விம்மலையும் வெறியையும் ஒரே சுருதியில் வைக்கிறார். எல்கி சோமருக்கு ஓடுவதும் அலறுவதும்தான் வேலை. ஸ்பானிய இசையமைப்பாளர் ரொட்ரிகோவின் ‘அரன்ஹுவேஸ்’ இசையைக் காதல் காட்சிகளுக்குப் போட்டது சிலருக்குத் திகட்டும், எனக்குத் திகட்டவில்லை. வாயசைவு ஒட்டவில்லை என்பதை மட்டும் குறையாக ஏற்கமாட்டேன். அக்கால இத்தாலியப் படங்களில் பேச்சைப் பிறகு பதிவதுதான் வழக்கம். சவாலஸின் குரல் வேண்டுமானால் ஆங்கில ஒலியை வையுங்கள்.

டிவியில் பார்ப்பதானால் நிறத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ அமைப்பையும், அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பாவா ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநர் ஆனவர். படத்தின் பாதிப் பேச்சு நிழலிலும் நிறத்திலும் இருக்கிறது. ‘விவிட்’ வைத்தால் நிறமெல்லாம் மிகையாகி, மாளிகை அட்டை செட் மாதிரி தெரியும். இணையத்தில் யாரோ ஏற்றிய மங்கல் பிரதியைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவு மோசம் என்று எழுதுவது அநியாயம்.

அநியாயம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒன்றரை மணி நேரப் படத்தைப் பத்து நிமிடத்தில் தமிழில் ‘கதை விளக்கம்’ சொல்லும் வீடியோக்கள். “இந்தப் பொண்ணு ஒரு வீட்டுக்குள்ள போறா” என்று தொடங்கி, கடைசிக் காட்சியைப் போட்டு உடைத்துவிட்டு, “அவ்ளோதாங்க, மொக்கை” என்று முடிப்பார்கள். திருட்டுக் கதையோ கொலைக் கதையோ என்றால் சொன்ன பிறகும் ஏதாவது மிஞ்சும். இதில் கதை நாலு வரி. அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் காட்டாமல் விட்டால் மொக்கையாகத்தான் இருக்கும். பார்த்தவர்களும் அதே மொக்கையைக் கருத்துப் பெட்டியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பிழைப்புக்குச் செய்கிறார்கள் என்று யாரும் வக்காலத்துக்கு வர வேண்டாம், பிழைப்பை நான் குறை சொல்லவில்லை.

பாவா 1980-இல் இறந்துவிட்டார். அமெரிக்காவில் அசல் வடிவம் டிவி வழியாக வெளியே தெரிந்ததே அதற்குப் பிறகுதான். இப்போது இரண்டு படங்களும் ஒரே ப்ளூரே தட்டில் கிடைக்கின்றன. மெனுவில் ‘லிசா’வை முதலில் ஓட்டுங்கள். பிடித்திருந்தால், ஒரு வாரம் கழித்து, வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மற்றதைப் போடுங்கள். அந்த வசனங்களைக் குடும்பத்தோடு கேட்க முடியாது.